நாலு பேர் வீட்டில் மூன்று ஓட்டு

1

இந்தக் கதை எனக்கு ஒரு பி.டி.எஃப். கோப்பில் கிடைத்தது. மற்ற எழுத்தாளர்களுக்கு மழையில் நனையும்போது கதை வரும், ரயிலில் போகும்போது வரும் என்கிறார்கள். எனக்கு வந்தது அருமனைச் சந்திப்பில் நான் நடத்தும் ஜெராக்ஸ் கடையில், பகல் பதினொன்றரை மணிக்கு, ஒரு ஆளின் ஆதார் அட்டையை லேமினேஷன் செய்துகொண்டிருந்தபோது. போன நாடாளுமன்றத் தேர்தலில் எந்த வாக்குச்சாவடியில் யாருக்கு எத்தனை ஓட்டு என்ற பட்டியல் வெளியாகியிருந்தது. இறக்கிப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

என் மாமனார் ஜான்ரோஸ், போலீசில் சிறப்பு உதவி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர், அந்தத் தேர்தலில் கன்னியாகுமரித் தொகுதியில் சுயேச்சையாக நின்றார். சின்னம் காலிஃபிளவர். தொகுதி முழுவதும் சேர்த்து அவர் வாங்கிய ஓட்டு அறுநூற்றுப் பதினொன்று. நோட்டா அவரைப் பல மடங்கு தாண்டிப் போய்விட்டது. அதெல்லாம் ஏற்கெனவே தெரியும், அழுது சிரித்து முடித்தாயிற்று. புதிதாகத் தெரிந்தது எங்கள் சொந்த வாக்குச்சாவடிக் கணக்கு. அங்கே அவருக்கு மூன்று.

எங்கள் வீட்டில் ஓட்டு நான்கு. மாமா, மாமி தேவகனி, அவர்கள் மகளும் என் மனைவியுமான ஜாஸ்மி, பிறகு எபிசன் ஆகிய நான்.

அந்தப் பக்கத்தை மட்டும் அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமா கண்ணாடி போட்டுப் பார்த்தார். வரிசை மாறிவிடக் கூடாதென்று ஸ்கேலை வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"மருமோனே, ஆளு நம்ம வீட்டுக்குள்ளதான் இருக்கு."

அடுத்து அவர் சொன்னதுதான் இந்தக் கதையின் உண்மையான பிறப்பு.

"நீ கத எழுதுவேல்லா? இத எழுது. எழுதிட்டு வீட்டுல எல்லாரும் இருக்கும்போ வாசி. செஞ்ச ஆளுக்கு மொகம் மாறும். மொகத்த நான் பாத்துக்கிடுவேன்."

ஆக, வாசகரே, இது கதை என்று நினைத்து நீங்கள் உள்ளே வந்திருந்தால் மன்னிக்கவும். இது ஒரு பொறி. வைக்கச் சொன்னவர் அவர், தேங்காய்த் துண்டு நான்.

(ஒரு விவரம். நான் எழுதும் எதையும் மாமா முதல் படியிலேயே வாங்கி, சிவப்பு மையில் ஓரத்தில் குறிப்பு எழுதித் திருப்பித் தருவார். இந்தக் கதையின் முதல் ஐந்து பகுதிகளை அப்படிப் பார்த்துவிட்டார். அவர் குறிப்புகளை அப்படியே விட்டிருக்கிறேன். அச்சில் வந்த பிறகு அவர் வாசிப்பதில்லை. "பாத்து முடிச்ச ஃபைல நான் ரெண்டாவது தொறக்கமாட்டேன்" என்பது அவர் கொள்கை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.)

[மாமாவின் குறிப்பு: நோட்டா பற்றிய வாக்கியம் வழக்குக்குத் தேவையற்றது.]

2

எப்படித் தொடங்குவது என்று நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: "ஜான்ரோஸின் பூட்ஸ் சத்தம் கேட்டால் அருமனைச் சந்தையே—"

பொய். மாமாவுக்குக் கால் ஆணி. கடைசிப் பத்து வருடம் மேலதிகாரி வராத நேரமெல்லாம் ரப்பர் செருப்புத்தான். சந்தை அடங்கியதும் இல்லை.

இரண்டு: "அதிகாரத்தின் கடைசிப் படிக்கட்டில் நிற்கும் ஒரு மனிதன், படிக்கட்டையே கேள்வி கேட்கத் துணியும் கணத்தில்—"

இதை யாராவது கேட்டால் கட்டுரையாகத் தருகிறேன்.

மூன்றாவது மாமாவே எழுதித் தந்தது: "மேற்படி ஊரில் வசிக்கும் மேற்படி ஜான்ரோஸ் என்பவர், மேற்படித் தேர்தலில், எவ்விதத் தூண்டுதலும் இன்றி, சுய நினைவுடன் வேட்புமனு தாக்கல் செய்தார்." இதில் சுய நினைவு பற்றி மாமிக்கு வேறு கருத்து உண்டு.

நான்காவதுதான் நடந்தது. ஓய்வுக்கு ஒரு வருடம் முன்பு டெல்லியிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்தார். மார்த்தாண்டத்தில் மாமாவுக்குப் பாதுகாப்புப் பணி. காலை ஆறு மணி முதல் வெயிலில் நின்றார். மூன்று மணிக்கு வண்டி வந்தது. மாமா விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். வண்டி அவருக்கு நேரே வந்ததும் வேகம் குறைந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரிய மனிதர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. வண்டி போய்விட்டது. மாமா கையை இறக்க மறந்து நின்றிருக்கிறார், பக்கத்துக் காவலர் தொட்டுச் சொல்லும்வரை.

அன்று வீட்டுக்கு வந்தவர் தொப்பியைக் கட்டிலில் வைத்துவிட்டு மாமியிடம் சொன்னார்:

"முப்பத்து மூணு வருசமா அடிச்ச சல்யூட்டு. ஒண்ணாவது திரும்பி வந்துருக்கா? இனி அந்த வண்டிக்குள்ள நான் இருப்பேன், பாரு."

"இருந்துட்டு? நீங்களும் ஆரஞ்சு உரிப்பியளா?" என்றார் மாமி.

"வழி நெடுக நிக்கப்பட்ட ஒவ்வொரு போலீஸ்காரனுக்கும் திருப்பி அடிப்பேன்."

அவருடைய தேர்தல் அறிக்கை முழுவதும் இவ்வளவுதான். இதைவிட நேர்மையான ஒன்றை நான் வாசித்ததில்லை.

[மாமாவின் குறிப்பு: ஆரஞ்சு அல்ல, சாத்துக்குடி. ஆசிரியர் சம்பவ இடத்தில் இல்லை.]

3

பிரச்சாரத்தை விரிவாக எழுத ஆசைதான். ஆனால் விரிந்தால் கதை அந்தப் பக்கமே போய்விடும், ஏனென்றால் சிரிப்பு முழுவதும் அங்கேதான் கிடக்கிறது.

மாமா கேட்ட சின்னம் கைத்தடி. லத்திக்கு மிக அருகில் வருவது அதுதான் என்று பட்டியலை இரண்டு நாள் படித்துக் கண்டுபிடித்திருந்தார். அதையே இன்னொருவரும் கேட்டார். குலுக்கலில் அவருக்குப் போயிற்று. மாமாவுக்குக் காலிஃபிளவர். எங்கள் பக்கம் ரப்பர் உண்டு, தென்னை உண்டு, மரச்சீனிக் கிழங்கு உண்டு, காலிஃபிளவர் விளையாது. தினமும் சந்தையில் ஒன்று வாங்கி ஜீப்பின் முன்னால் கட்டுவோம். மத்தியானம் பழுத்துத் தொங்கும். சாயங்காலம் மாமி அதைப் பொரித்துவிடுவார். இருபது நாள் சின்னத்தைச் சாப்பிட்டோம்.

மாமாவுக்கு ஓட்டுக் கேட்கத் தெரியவில்லை. கேள்வி கேட்கத்தான் தெரிந்திருந்தது. ஜீப்பிலிருந்து இறங்குவார், எதிரே வருபவரை நிறுத்துவார். "பேரு? அப்பா பேரு? எங்கணெ இருந்து வாறே?" என்பார். அந்த ஆள் தானாகவே லைசென்சையும் ஆர்.சி. புத்தகத்தையும் எடுத்து நீட்டுவார். ஹெல்மெட் இல்லாமல் பைக்கில் வருகிறவர்கள் எங்கள் ஜீப்பைத் தூரத்தில் கண்டதும் திரும்பிப் போனார்கள். நாங்கள் போன வழியெல்லாம் சாலை வெறிச்சோடியது. பிரச்சாரம் என்பது ஆட்களைக் கூட்டும் வேலை. எங்கள் பிரச்சாரம் கலைக்கும் வேலையாக இருந்தது.

திற்பரப்பு அருவியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நல்ல கூட்டம், இங்கே நூறு ஓட்டாவது தேறும் என்று கூட்டிப் போனது நான்தான். குடித்துவிட்டுக் குளித்துக்கொண்டிருந்த ஆறு பேரை மாமா கண்டார். நோட்டீஸை என்னிடம் தந்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, ஆறு பேரையும் தண்ணீரிலிருந்து வெளியே ஏற்றி வரிசையாக உட்கார வைத்தார். அதில் ஒருவர் மட்டும் நடுங்கிக்கொண்டே மாமாவின் கையைப் பிடித்தார்.

"சாரே, என்றெ வோட்டு சாருக்குத்தன்னெ."

மாமாவின் முகம் மலர்ந்தது. "எந்த ஊரு மக்கா?"

"நெய்யாற்றின்கர."

கேரளம். மாநிலமே வேறு.

[மாமாவின் குறிப்பு: ஏழு பேர். ஒருவன் ஓடிவிட்டான்.]

4

இனி மாமி. இந்தக் கதையில் எனக்குப் பிடிபடாத ஆள் அவர்தான். மாமாவை எழுதுவது எளிது, வாசலைத் திறந்தால் அவரே நடந்து வந்துவிடுவார். மாமி வரமாட்டார். அடுப்படியிலிருந்தே "என்ன வேணும்?" என்பார். நான் எழுதிப் பார்த்த மாமிகள் மூன்று பேர். ஒருவர் பொறுமையின் வடிவமாக வந்தார், பொருந்தவில்லை. மாமிக்கு மீன்காரரிடம்கூடப் பொறுமை கிடையாது. அடுத்தவர் கணவனை வாயால் விரட்டுபவராக வந்தார், அதுவும் அவர் இல்லை. மூன்றாவது மாமி பாதி வாக்கியத்திலேயே நின்றுவிட்டார்: "தேவகனி எதையோ மறைக்கிறாள் என்பது அவள்—"

இதை ஏன் எழுதினேன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை.

மாமாவின் கணக்குப்படி குற்றவாளி மாமிதான். ஆதாரம்: வேட்புமனு தாக்கல் செய்யக் கிளம்பிய காலையில், "ஊருல ஆருட்ட வேணும்னாலும் ஓட்டு கேளுங்க, எங்கிட்ட கேக்கப்பிடாது" என்று சொன்னார். சாட்சி: நான், ஜாஸ்மி, ஜீப் டிரைவர். கேட்காமலே போட வேண்டிய ஓட்டு என்ற பொருளில் அதைச் சொல்லியிருக்கலாம் அல்லவா என்று நான் மாமாவிடம் வாதாடினேன்.

"அது வக்கீல் பேசப்பட்ட பேச்சு" என்றார்.

[மாமாவின் குறிப்பு: மூன்று மாமி எதற்கு? ஒருவரே போதும்.]

5

விசாரணை ஜூலை மாதம் நடந்தது. சாப்பாட்டு மேசையில் ஒரு நீள நோட்டு, இரண்டு பேனா, தண்ணீர். "நூத்தி அறுபத்தொண்ணுல வாக்குமூலம் எடுக்கேன்" என்றார் மாமா. சட்டம் இந்த மாதத்திலிருந்து மாறிவிட்டது, அந்தப் பிரிவு இப்போது நூற்று எண்பது என்று நான் கைப்பேசியில் பார்த்துச் சொன்னேன். மாமாவின் முகம் சுண்டிப்போயிற்று. தோற்றதைவிட அது அவருக்குப் பெரிய அடி.

ஜாஸ்மியின் வாக்குமூலம்: "அப்பா, நான் ஒங்களுக்குத்தான் போட்டேன். மிஷின்ல ஒங்க போட்டோவ கண்டதும் சிரிப்பு வந்துட்டு. உள்ள இருந்த ஆபீசரு என்னம்மா ஆச்சுன்னு கேட்டாரு. வேணும்னா அவருட்ட கேளுங்க."

மாமா நம்பினார்.

என் வாக்குமூலம்: "போட்டேன் மாமா."

[மாமாவின் குறிப்பு: சாட்சி சுருக்கமாகவும் நேர்மையாகவும் பதிலளித்தார்.]

மாமியை உட்காரச் சொன்னார். மாமி உட்காரவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே நின்றார்.

"தேவகனி, நீ ஆருக்குப் போட்டே?"

"ஓட்டு ரகசியம்."

"நான் ஒனக்க மாப்பிள கேக்கேன்."

"முப்பத்து நாலு வருசம் சாவடி வாசல்ல துப்பாக்கியும் வச்சிட்டு காவல் நிண்ணியளே, எதுக்கு நிண்ணியோ? இந்த ரகசியத்துக்குத்தானே? இப்ப நானும் காவலு நிக்கேன்."

அவ்வளவுதான். அடுப்படிக்குப் போய்விட்டார். மாமா நோட்டில் "பதிலளிக்க மறுத்தார்" என்று எழுதிக் கோடு போட்டார்.

மறுநாள் காலையிலிருந்து மாமா மாமி போடும் சாயாவைக் குடிப்பதில்லை. முப்பத்தாறு வருடம், பணிக்குப் போகும் நாளானாலும் பண்டிகை நாளானாலும், காலை ஐந்தரைக்கு அந்தச் சாயாவில்தான் அவருக்குப் பொழுது விடியும். இப்போது சந்திப்பு வரை நடந்து, என் கடைக்கு எதிரே உள்ள சாயாக்கடையில் குடிக்கிறார். மாமி ஐந்தரைக்குச் சாயா போடுவதை நிறுத்தவில்லை. கிளாசை மேசையில் வைப்பார். ஆறரை மணிக்கு ஆடை படிந்து கிடப்பதை எடுத்துப் போய் வாழை மூட்டில், மரத்தின் அடியில் ஊற்றுவார். எட்டு மாதமாக ஊற்றுகிறார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. சிரிப்பாகத் தொடங்கிய கதை எனக்கு இந்த வாழை மூட்டில் கனத்துவிட்டது.

[மாமாவின் குறிப்பு: கடைசிப் பத்தி தேவையில்லை. கடைச் சாயா நன்றாகவே இருக்கிறது.]

6

இங்கிருந்து மாமாவின் குறிப்புகள் இராது. இந்தப் பகுதியை நான் அவரிடம் காட்டவில்லை.

வாக்குப்பதிவு நாளை எழுத உட்கார்ந்தேன். அன்று காலை ஏழு மணிக்கே மாமி, ஜாஸ்மி, நான் மூவரும் போய் ஓட்டுப் போட்டோம். மாமா ஐந்து மணிக்கே ஜீப்பில் கிளம்பியிருந்தார், வேட்பாளராயிற்றே, சாவடிகளைச் சுற்றிப் பார்க்க. மதியம் கடியப்பட்டணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் முன்னால் வரிசையில் தள்ளுமுள்ளு. வெளியே நின்றது பிரதீஷ் என்ற ஒரு இளம் காவலர் மட்டும். மாமா ஜீப்பிலிருந்து குதித்தார். ஆண்கள் இந்தப் பக்கம், பெண்கள் அந்தப் பக்கம், வயசானவர்கள் முன்னால், ஆட்டோ மதிலோரம். பன்னிரண்டு மணிக்குத் தொடங்கியவர் மாலை ஆறு வரை அங்கேயே நின்றார். தான் வேட்பாளர் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று. யாரிடமும் ஓட்டுக் கேட்கவில்லை. அந்தச் சாவடியில் அவருக்கு நாற்பத்திரண்டு ஓட்டு விழுந்தது. தொகுதியிலேயே அதுதான் அதிகம்.

அந்தக் காட்சியை முடிக்க ஒரு வாக்கியம் எழுதினேன்: "மாலை வெயிலில், மை உலர்ந்த இடது ஆள்காட்டி விரலோடு ஜான்ரோஸ்—"

மை நகத்தில் மட்டுமா, தோலிலும் இறங்கியிருந்ததா? இப்படிச் சின்ன விஷயத்தில் தவறினால் சிவப்பு மை வரும். சரிபார்த்துவிடலாம் என்று மாமாவின் வாட்ஸ்அப் படத்தைத் திறந்தேன். அன்று மாலை ஆறு பத்துக்கு எடுத்த படம்தான் இன்றுவரை அவருடைய முகப்புப் படம். வேலை முடிந்ததும் மீன்காரப் பெண் ஒருவர் சாயா வாங்கித் தந்திருக்கிறார். பிரதீஷ் எதிரே நின்று மாமாவுக்கு சல்யூட் அடிக்கிறான். மாமா வலக்கையால் அதைத் திருப்பி அடிக்கிறார். இடக்கையில் சாயா கிளாஸ், நான்கு விரலும் கிளாசைச் சுற்றி நன்றாகத் தெரிகிறது.

பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன்.

விரலில் மை இல்லை.*

(* நம்ப முடியாதவர்களுக்கு. தேர்தல் பணியில் இருக்கும் போலீசார் தபாலில் ஓட்டுப் போடுவார்கள். வாக்குப்பதிவு நாள் அவர்களுக்குக் காவல் நாள். முப்பத்து நான்கு வருடத்தில் மாமா ஒருமுறைகூட மிஷின் முன்னால் போய் நின்றதில்லை. வாசலில் நின்றிருக்கிறார். அன்றும் வாசலில்தான் நின்றார். ஆறு மணிக்கு வாசல் அடைத்ததும், கடமையைச் சரியாகச் செய்துவிட்ட நிம்மதியோடு வீட்டுக்கு வந்துவிட்டார். மறந்தோம் என்பதுகூட அவருக்குத் தோன்றவில்லை. "நம்ம வீட்டுல நாலு ஓட்டு" என்று அவர் எண்ணும்போது தன்னையும் சேர்த்து நம்பிக்கையோடுதான் எண்ணுகிறார்.)

எட்டு மாதம் ஆளைத் தேடிய போலீஸ்காரர் தன் தடயத்தைத் தன் முகப்புப் படமாகவே வைத்திருக்கிறார். கடையில் ஆள் இருப்பதையும் மறந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன். அடுத்த நிமிடம் வாழை மூடு ஞாபகம் வந்தது. கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

மாமி பின்வாசலில் சாளை மீன் உரசிக்கொண்டிருந்தார். மாமா வீட்டில் இல்லை. கைப்பேசியை நீட்டினேன். மாமி எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"வெரலயா காட்டுதே?" என்றார்.

நான் கைப்பேசியை இறக்கினேன்.

"எனக்கு அண்ணைக்கே தெரியும் மக்கா. வந்ததும் சாயா குடுத்தேன்லா, அப்ப கண்டேன். சுத்தமா இருக்கு வெரலு."

"அப்பமே சொல்லியிருக்கலாமே மாமி?"

"மணி ஏழர. சாவடி அடச்சாச்சி. சொல்லி என்னத்துக்கு? ஒரு போலீசுக்காரப் பய சல்யூட் அடிச்சான், நானும் திருப்பி அடிச்சேன்னு மூணு மட்டம் சொல்லிச் சொல்லிச் சிரிக்காரு. கல்யாணத்தண்ணைக்குக்கூட அப்பிடிச் சிரிச்சு நான் கண்டதில்ல. அந்த நேரத்துல, ஒங்களுக்கு நீங்களே ஓட்டுப் போட மறந்துட்டியளேன்னு சொல்லணுமா?"

"இப்பச் சொல்லலாம்லா. ஒங்க மேல உள்ள பழியாவது போவும்."

மாமி மீனைச் சட்டியில் போட்டுவிட்டு முதல்முறையாக என்னைப் பார்த்தார்.

"பழி எம்மேலேயே இருக்கட்டு. ஊரு சிரிச்சத அவரு தாங்கிக்கிட்டாரு. தனக்குத் தானே போடல்லன்னு தெரிஞ்சா தாங்கமாட்டாரு. நான் போடல்லன்னு நெனச்சா கோவந்தான் வரும். கோவம் இருந்தா மனுசன் நிமிந்து நடப்பாரு. தெனமும் சந்திப்பு வர நடக்காரு, காணல்லியா?"

பிறகு ஈர விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "நீ இத எழுதப்பிடாது, கேட்டியா."

எழுதிவிட்டேன் மாமி. மன்னிக்கணும்.

7

நான் பின்வாசலை விட்டு வரும்போது மாமி பின்னாலிருந்து இன்னொன்றும் சொன்னார். "நீ, நான், பிள்ள. மூணு பேரும் போட்டோம், மூணு விழுந்திருக்கு. கணக்கு சரியாத்தான் இருக்கு."

நான் "ம்" என்றேன்.

வாசகரே, இந்த "ம்"-ஐ எழுத எனக்கு நான்கு நாள் ஆயிற்று.

நான் மாமாவுக்குப் போடவில்லை.

அன்று சாவடியில் ஓட்டுப் போடும் மறைப்பின் உள்ளே போனேன். பட்டியலில் மாமாவின் படம். நான் என் கடையில் எடுத்து, கன்னத்து மருவை அழித்துக் கொடுத்த படம். பக்கத்தில் காலிஃபிளவர். விரலை அதன் நேரே கொண்டுபோனேன். அப்போது எனக்குள் ஒரு படித்த முட்டாள் எழுந்து, "இது வீட்டுக் காரியம் இல்லை, நாட்டுக் காரியம். எப்படியும் தோற்கப் போகிறவருக்குப் போட்டு ஓட்டை வீணாக்காதே" என்றான். விரலை நகர்த்தினேன். பீப் சத்தம் கேட்டது. நான் யாருக்குப் போட்டேனோ அவரும் தோற்றுவிட்டார்.

அன்று மாலை மாமா ஜீப்பிலிருந்து இறங்கி என் தோளில் கைபோட்டு, "நம்ம பிள்ளைக எல்லாரும் ஓட்டு போட்டாச்சுல்லா?" என்றபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இன்றும் கூசுகிறது. நேர்மையான சாட்சி என்ற சிவப்பு மைக் குறிப்பை நான் கிழித்துப் போடாமல் விட்டதற்குக் காரணம் தண்டனைதான், வேறொன்றுமில்லை.

இப்போது மறுபடி எண்ணுங்கள். மாமா போடவில்லை. நான் போடவில்லை. மாமி ஒன்று, ஜாஸ்மி ஒன்று. இயந்திரம் மூன்று என்கிறது.

அப்படியானால் எங்கள் ஊரில், எங்கள் வீட்டுக்கு வெளியே, யாரோ ஒருவர் ஜான்ரோஸுக்கு ஓட்டுப் போட்டிருக்கிறார். கேட்காமல், சொந்தமில்லாமல், பயமில்லாமல். மாமா முப்பத்து நான்கு வருடம் காத்திருந்தது இதற்குத்தான். அது வந்தும் விட்டது. ஆனால் அவருக்குத் தெரியாது.

8

முடிவுகள்.

அ. மாமாவிடம் படத்தைக் காட்டுகிறேன். அவர் தன் இடக்கையைத் தூக்கி, விரலை வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்கிறார். பிறகு மெதுவாக மாமி இருக்கும் பக்கம்—

இதற்கு மேல் எழுத வரவில்லை. மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் அவர் கையை இறக்க மறந்து அப்படியே நிற்கிறார்.

ஆ. அந்த மூன்றாவது ஆளைக் கண்டுபிடித்துக் கூட்டி வருகிறேன். யாராக இருக்கும்? ரப்பர் பால் வெட்டப் போகும் ரசலையனை ஒருமுறை அபராதம் போடாமல் விட்டிருக்கிறார், அவராக இருக்கலாம். இரண்டு முறை மாமா பிடித்து உள்ளே வைத்த தேங்காய்த் திருடனாக இருக்கலாம், இந்த ஆள் டெல்லிக்குப் போய்த் தொலைந்தால் ஊரில் நிம்மதியாக இருக்கலாம் என்று போட்டிருப்பான். கண் தெரியாமல் பொத்தான் மாற்றி அழுத்திய யாரோவாகவும் இருக்கலாம். கடைசியதை நான் நம்ப மறுக்கிறேன். கதை என்னுடையது, எனக்கு அந்த அளவு உரிமை உண்டு.

இ. நான் ஒப்புக்கொள்கிறேன். "மாமா, போடாதது நான்தான்." இதில் பொய் ஒன்றுமில்லை. நாலில் ஒன்று போனால் மூன்று. மாமாவின் கணக்கு நேராகிவிடும். மாமி விடுதலை. விரல் விஷயம் வெளியே வராது, மாமி சொன்ன சொல்லும் பாதி காப்பாற்றப்படும். மாமா என் வாக்குமூலத்தைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, மறுநாள் ஐந்தரைக்கு மேசையில் இருக்கும் சாயாவை எடுத்துக் குடிப்பார். அதன் பிறகு என்னோடு எத்தனை வருடம் பேசமாட்டார் என்று தெரியவில்லை. ஜாஸ்மியும் அப்பாவின் மகள்தான்.

மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் எது சரி என்று ஜெராக்ஸ் கடைக்கு வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். நான்தான் அந்தப் பக்கத்தை எழுதாமல் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

9

நாளை ஞாயிறு. ஆராதனை முடிந்து வந்ததும் வாசிப்பு. மாமா நாற்காலிகளைப் போட்டு வைத்துவிட்டார், எல்லோர் முகமும் தனக்குத் தெரிகிற மாதிரி. அவர் பார்த்த ஐந்து பகுதிகளையும், அதன் கீழே "போடாதது நான்தான்" என்று முடியும் ஒரு பக்கத்தையும் அச்சிட்டு எடுத்து வைத்திருக்கிறேன். ஆறும் ஏழும் எட்டும் இந்த ஒன்பதும் உங்களுக்கு மட்டும். இது அச்சில் வந்து உங்கள் கைக்குக் கிடைக்கும்போது மாமா வாசிக்கமாட்டார், பார்த்து முடித்த ஃபைல்.

ஆனால் கடைசியாக ஒருவரிடம் பேச வேண்டும். எங்கள் சாவடியில் ஆயிரத்துச் சொச்சம் பேர். அதில் நீங்கள் ஒருவர். அன்று காலிஃபிளவருக்கு நேரே அழுத்திய அந்த ஆள். இதை வாசிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஒருநாள் காலை ஐந்தரைக்கு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். மாமா பெயர் கேட்பார், அப்பா பெயர் கேட்பார், வயசு கேட்பார். கோபப்படாதீர்கள், அவருக்குப் பிரியத்தைக் காட்ட வேறு வழி தெரியாது. உட்காரச் சொல்வார். மாமி இரண்டு கிளாஸ் சாயா கொண்டுவந்து வைப்பார். மாமா தன் கிளாசை எடுக்கிறாரா என்று பாருங்கள். எடுத்தார் என்றால் ஞாயிற்றுக்கிழமை நான் வாசித்துவிட்டேன் என்று பொருள். நான் அங்கே இருப்பேனா என்பது தெரியாது.

அப்போது நீங்கள் ஒரு முடிவு செய்ய வேண்டியிருக்கும். "சார், நான் ஒங்களுக்குத்தான் போட்டேன்" என்று சொல்லலாம். அவர் தேர்தலில் நின்றதே அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். ஆனால் சொன்னால் கணக்கு மறுபடி இடிக்கும். அவர் போலீஸ்காரர், எண்ணத் தொடங்குவார். தேவகனி, ஜாஸ்மி, இந்த ஆள். மூன்று முடிந்துவிட்டது. அப்படியானால் நான்? அவர் பார்வை தன் இடக்கைக்கு இறங்கும். கிளாசைப் பிடித்திருக்கும் அதே கை.

சொல்லாமலும் இருக்கலாம். வழி கேட்க வந்தேன் என்று எதையாவது சொல்லிக் குடித்துவிட்டு, கிளம்பும்போது ஒரு சல்யூட் மட்டும் அடித்துவிட்டுப் போகலாம். திருப்பி அடிப்பார்.

எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. மாமிக்குத் தெரிந்திருக்கும், ஆனால் அவர் சொல்லமாட்டார். நீங்கள் எங்களுக்கு ஒரு ஓட்டுப் போட்டவர், இன்னொன்றும் உங்கள் கையில்தான் இருக்கிறது. சாயா ஆறுவதற்குள் முடிவு செய்துவிடுங்கள்.